அழிந்த பைல் மீண்டது!

பெட்டியைக் கவிழ்க்காமல் ஒரு சீட்டை மட்டும் எடுப்பது எப்படி?

"ஐயோ, தம்பி! போல்டரைக் காணோமே!"

அந்த அம்மாள் போட்ட கூச்சலில் ஆபீஸ் முழுவதும் திரும்பிப் பார்த்தது.

அது ஒரு கல்லூரி ஆபீஸ். எந்த ஊர், எந்தக் கல்லூரி என்பது இங்கே வேண்டாம். வேறு ஒரு வேலையாக நான் அங்கே போயிருந்தேன். வெள்ளிக்கிழமை. காலை மணி 11-20.

அந்த அம்மாள் உதவித்தொகைப் பிரிவைக் கவனிப்பவர். 26 ஆண்டு சர்வீஸ். ஒரு நாள்கூட ஒரு காகிதத்தைத் தொலைத்தது இல்லையாம். அன்று தொலைத்துவிட்டார். அதுவும் ஒரு காகிதம் அல்ல. 214 மாணவ, மாணவிகளின் விண்ணப்பங்கள்!

வருமானச் சான்று, சாதிச் சான்று, பாங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம், எல்லாவற்றையும் படம் பிடித்துக் கம்ப்யூட்டரில் ஒரே போல்டரில் வைத்திருந்தார். போல்டர் என்றால் பல பைல்களைச் சேர்த்துக் கட்டிய கட்டு. சென்ற ஆண்டுக் கட்டை அழிக்க நினைத்தார். அதற்குப் பக்கத்திலேயே இருந்த இந்த ஆண்டுக் கட்டை அழித்துவிட்டார்.

"நிரந்தரமாக அழிக்கலாமா?" என்று கம்ப்யூட்டர் கேட்டது. "ஆம்" என்று அமுக்கினார். ஒரு நொடி. அவ்வளவுதான்.

அன்று மாலைக்குள் பட்டியல் போய்ச் சேரவேண்டும். அதுதான் கடைசி நாள். பல பிள்ளைகளின் பெற்றோர் கூலி வேலை செய்பவர்கள். மறுபடியும் வருமானச் சான்று வாங்கி வரச் சொன்னால் எத்தனை நாள் ஆகும்? எத்தனை நாள் கூலி போகும்?

அம்மாளின் கண்களில் நீர் முட்டியது.

குப்பைத்தொட்டியில் இல்லையா?

"குப்பைத்தொட்டியில் பாருங்களேன்" என்றார் பக்கத்து மேஜைக்காரர்.

நம் கம்ப்யூட்டரில் ஒரு பைலை அழித்தால், அது உடனே ஒழிந்துபோவது இல்லை. குப்பைத்தொட்டி என்ற இடத்துக்குப் போகும். அங்கிருந்து திரும்ப எடுத்துக்கொள்ளலாம். வாசகர்களில் பலருக்கு இது தெரிந்திருக்கும்.

ஆனால், இந்தப் போல்டர் அம்மாளின் கம்ப்யூட்டரில் இல்லை. ஆபீஸ் முழுவதற்கும் பொதுவான சர்வர் என்ற கம்ப்யூட்டரில் இருந்தது. அப்படி வேறு ஒரு கம்ப்யூட்டரில் உள்ள பைலை, கம்பி வழியாக அழித்தால், அது பெரும்பாலும் நம் குப்பைத்தொட்டிக்கு வருவது இல்லை. போனது போனதுதான்.

கண்காணிப்பாளர் ஓடி வந்தார். கம்ப்யூட்டர் பிரிவு இளைஞரும் வந்தார். 25 வயதுக்கு மேல் இருக்காது.

"தினமும் ராத்திரி நகல் எடுக்கிறோமே, தம்பி! நேற்று ராத்திரி எடுத்த நகலை அப்படியே போட்டுவிடு" என்றார் கண்காணிப்பாளர்.

"போடலாம், சார். ஆனால் அப்படிப் போட்டால் சர்வர் முழுவதும் நேற்று ராத்திரி இருந்த நிலைக்குப் போய்விடும். காலையில் இருந்து கேஷியர் சார் போட்ட ரசீது எல்லாம் அழிந்துவிடும்."

கேஷியர் திடுக்கிட்டு எழுந்தார். "86 ரசீது போட்டிருக்கிறேன், அப்பா! பணம் வாங்கிப் பெட்டியில் வைத்தாகிவிட்டது!"

ஒருவர் தவறைத் திருத்த, இன்னொருவர் வேலையை அழிப்பதா? எல்லாரும் விழித்தார்கள்.

"வேண்டாம், சார். முழு நகலையும் இறக்க வேண்டாம். அதற்குள் இருந்து அம்மாவின் போல்டரை மட்டும் எடுத்துவிடலாம்" என்றார் இளைஞர்.

அது எப்படி முடியும்? அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

ஒரே வீட்டில் எட்டுக் குடித்தனம்

அந்தச் சர்வர் நிஜமான கம்ப்யூட்டர் அல்ல. மாயக் கம்ப்யூட்டர்!

ஒண்டுக்குடித்தனம் பார்த்திருப்பீர்கள். ஒரே வீடு. அதில் எட்டுக் குடும்பம். கிணறு ஒன்று, கூரை ஒன்று. ஆனால், ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனிக் கதவு, தனிப் பூட்டு, தனி அடுப்பு. ஒருவர் வீட்டுச் சண்டை அடுத்தவர் வீட்டுக்குள் வராது.

கம்ப்யூட்டரிலும் இப்படிக் குடித்தனம் வைக்கலாம். பெரிய கம்ப்யூட்டர் ஒன்று. அதற்குள் எட்டு, பத்து மாயக் கம்ப்யூட்டர்கள். ஒவ்வொன்றும், "நான் தனிக் கம்ப்யூட்டர்" என்று நினைத்துக்கொண்டு வேலை செய்யும். எல்லாருக்கும் இடம் பிரித்துக் கொடுக்க, வீட்டுக்காரர் போல ஒரு புரோகிராம் இருக்கும்.

இந்த யோசனை புதியது அல்ல. அமெரிக்காவில், மசாசூசெட்ஸ் மாநிலத்தில் கேம்பிரிட்ஜ் என்ற ஊர் இருக்கிறது. அங்கே ஐ.பி.எம். கம்பெனியின் ஆராய்ச்சிக் கூடத்தில் 1960-களிலேயே இதைச் செய்து பார்த்தார்கள். 1972-ல் ஐ.பி.எம். இதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அந்தக் காலத்துக் கம்ப்யூட்டர் ஓர் அறை அளவு இருக்கும். விலையோ மலை. அதனால், ஒன்றைப் பலர் பங்குபோட்டுக்கொள்ள வழி தேடினார்கள்.

மேஜைமேல் வைக்கும் சிறிய கம்ப்யூட்டர்களுக்கு இந்த வசதியைக் கொண்டுவந்து பரப்பியதில் ஒரு கணவன், மனைவிக்குப் பெரிய பங்கு உண்டு. மென்டல் ரோசன்பிளம் என்ற பேராசிரியரும், அவர் மனைவி டயான் கிரீனும் வேறு 3 பேருடன் சேர்ந்து 1998-ல் கலிபோர்னியாவில் வி.எம்.வேர் என்ற கம்பெனியைத் தொடங்கினார்கள். அடுத்த ஆண்டே அவர்களுடைய சரக்கு கடைக்கு வந்தது. இன்று பாங்கி, ஆஸ்பத்திரி, சர்க்கார் ஆபீஸ் என்று எங்கு பார்த்தாலும் மாயக் கம்ப்யூட்டர்கள்தான்.

டிரங்குப் பெட்டி

குடித்தனக்காரர் தம் சொத்து முழுவதையும் ஒரே டிரங்குப் பெட்டியில் வைத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மாயக் கம்ப்யூட்டரும் அப்படித்தான். அதில் உள்ள கடிதம், கணக்கு, படம் எல்லாம் வெளியே இருந்து பார்த்தால் ஒரே ஒரு பெரிய பைல்! அதுதான் அதன் பெட்டி.

ராத்திரி வீட்டுக்காரர் வருவார். பெட்டியை அப்படியே நகல் எடுப்பார். உள்ளே பட்டுப் புடவை இருக்கிறதா, பழைய துணி இருக்கிறதா என்று அவர் பார்ப்பது இல்லை. பெட்டிக்கு நகல் பெட்டி. அவ்வளவுதான்.

தினமும் முழுப் பெட்டியையும் நகல் எடுத்தால் இடம் போதுமா? போதாது. அதற்கும் ஒரு தந்திரம் உண்டு. பெட்டியைச் சிறு சிறு கட்டங்களாகப் பிரித்துவிடுவார்கள். முதல் நாள் எல்லாக் கட்டங்களையும் நகல் எடுப்பார்கள். மறுநாள், எந்தக் கட்டம் மாறியதோ அதை மட்டும் எடுப்பார்கள். முதல் நாள் நகலுடன் மறுநாள் மாற்றத்தைச் சேர்த்தால், மறுநாள் பெட்டி முழுவதும் கிடைத்துவிடும்.

இது சங்கிலி மாதிரி. நடுவில் ஒரு கண்ணி அறுந்தால், அதற்குப் பின்னால் உள்ளவை பயன்படாமல் போகலாம். அதனால்தான் அவ்வப்போது முழு நகலும் எடுக்கிறார்கள்.

அந்தக் காலமும் இந்தக் காலமும்

முன்பெல்லாம் நகலில் இருந்து ஒரு பைல் வேண்டும் என்றால் பெரும்பாடு. முழு நகலையும் வேறோர் இடத்தில் இறக்கவேண்டும். அந்த மாயக் கம்ப்யூட்டரை ஓட விடவேண்டும். அதற்குள் போய்த் தேடவேண்டும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். பெட்டி 500 ஜிகாபைட் என்போம். நொடிக்கு 100 மெகாபைட் வீதம் இறக்கினால் 5,000 நொடி ஆகும். அதாவது, ஒரு மணி 23 நிமிடம்! எடுக்கவேண்டிய பைலோ ஒரு மெகாபைட்கூட இருக்காது. ஒரு மோதிரத்துக்காக முழு வீட்டையும் காலி செய்வது போல!

இப்போது நகல் பெட்டியை இருந்த இடத்திலேயே திறந்துவிடுகிறார்கள்.

பெட்டியின் உள்ளே ஓர் அட்டவணை இருக்கிறது. புத்தகத்தின் முன்பக்கத்தில், "எந்தப் பாடம், எந்தப் பக்கம்" என்று போட்டிருக்கும் அல்லவா? அதைப் போல, "எந்தப் பைல், எந்தக் கட்டங்களில்" என்று அதில் எழுதியிருக்கும். விண்டோஸ் கம்ப்யூட்டரில் இதற்குத் தலைமை அட்டவணை என்று பொருள்படும் பெயரே உண்டு.

மீட்கும் புரோகிராம் முதலில் அந்த அட்டவணையைப் படிக்கும். பெட்டியில் உள்ள போல்டர்களைத் திரையில் வரிசையாகக் காட்டும். நாம் ஒன்றைத் தொட்டால், அதற்குரிய கட்டங்களை மட்டும் நகலில் இருந்து எடுத்துக் கொடுக்கும். மற்றவற்றைத் தொடாது.

முக்கியமான விஷயம் ஒன்று. நகலைத் திறக்கும்போது, "பார்க்கலாம், எழுதக் கூடாது" என்ற கட்டுப்பாட்டுடன் திறப்பார்கள். இல்லாவிட்டால், தேடும் அவசரத்தில் நகலையே கெடுத்துவிடலாம். பிறகு இரண்டும் இல்லை!

ஆபீசில் நடந்தது என்ன?

இளைஞர் தம் இடத்தில் உட்கார்ந்தார். அம்மாளும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். நான் பின்னால் நின்றேன்.

திரையில் 14 தேதிகள் வரிசையாகத் தெரிந்தன. 14 ராத்திரிகளின் நகல்கள். வியாழக்கிழமை ராத்திரியை இளைஞர் தொட்டார். சில நிமிடத்தில் பெட்டி திறந்தது. பல போல்டர்கள். அவற்றின் நடுவே...

"அதோ! அதுதான், தம்பி!"

அம்மாளின் குரலில் உயிர் வந்தது.

"அப்படியே எடுத்துப் போட்டுவிடு" என்றார் கண்காணிப்பாளர்.

"பழைய இடத்தில் உடனே போடக் கூடாது, சார். தனி இடத்தில் இறக்கிப் பார்ப்போம். சரியாக இருந்தால் பிறகு மாற்றலாம்."

இறக்கினார்கள். ஒவ்வொரு பைலாகத் திறந்தார்கள். சான்றுகள் எல்லாம் சரி. கடைசியில், பாங்கிக் கணக்கு எண் எழுதிய பட்டியல்.

"அம்மா, பத்துப் பேரை மட்டும் பாஸ் புத்தகப் படத்துடன் ஒத்துப் பாருங்கள்" என்றார் இளைஞர்.

அம்மாள் பார்த்தார். முதல் பெயரிலேயே முகம் மாறியது. கணக்கு எண் வேறு. இரண்டாவது பெயருக்கும் வேறு. மூன்றாவதுக்கும் வேறு!

நடந்தது இதுதான். புதன்கிழமை அந்தப் பட்டியலை அகர வரிசைப்படுத்தி இருக்கிறார்கள். பெயர்கள் மட்டும் வரிசை மாறின. எண்கள் பழைய இடத்திலேயே நின்றுவிட்டன. யாரும் கவனிக்கவில்லை. அந்தப் பட்டியல் அப்படியே போயிருந்தால்? ஒரு பிள்ளையின் பணத்துக்கு இன்னொரு பிள்ளையின் கணக்கு எண் போயிருக்கும்!

போல்டர் அழிந்ததால் அல்லவா இது தெரிந்தது!

இளைஞர் வியாழனை மூடினார். செவ்வாய்க்கிழமை ராத்திரி நகலைத் திறந்தார். அந்த ஒரே ஒரு பட்டியலை மட்டும் எடுத்தார். ஒத்துப் பார்த்தார்கள். பத்துக்குப் பத்தும் சரி.

செவ்வாய்க்குப் பிறகு சேர்ந்தவர்கள் 9 பேர். வெள்ளிக்கிழமை காலையில் மட்டும் 14 பேர். காலையில் சேர்த்தவை எந்த நகலிலும் இருக்காது. நல்லவேளை, அவர்களுடைய விண்ணப்பக் காகிதங்கள் மேஜையிலேயே இருந்தன. அம்மாள் சாப்பிடக்கூடப் போகாமல் 23 பேரையும் கையால் ஏற்றினார்.

பிறகுதான் போல்டர் பழைய இடத்துக்குப் போனது. யார் யார் திறக்கலாம் என்ற அனுமதியையும் இளைஞர் சரிபார்த்தார். கேஷியரின் 86 ரசீதுகளுக்கும் ஒரு கீறல்கூட இல்லை.

எப்போது பலிக்காது?

இந்த வித்தை எப்போதும் பலிக்கும் என்று எண்ணிவிடக் கூடாது.

நகல் எடுக்கும் முன்பே பிறந்து, நகல் எடுக்கும் முன்பே அழிந்த பைல் கிடைக்காது. காலை 10 மணிக்கு எழுதி, 11 மணிக்கு அழித்தால், ராத்திரி நகலுக்கு அது தெரியாது.

14 நாள் நகல் வைத்திருக்கும் இடத்தில், 20 நாள் கழித்துக் கேட்டாலும் கிடைக்காது. பழைய நகல்கள் போய்விட்டிருக்கும். ஆகவே, தவறு நடந்தால் மறைக்காதீர்கள். உடனே சொல்லுங்கள்.

பெட்டிக்கு உள்ளேயே ரகசியப் பூட்டு போட்டிருந்தால் நகலுக்கும் அதே பூட்டுத்தான். சாவி வேண்டும்.

பாங்கிக் கணக்கு போன்றவை ஓயாமல் எழுதப்படுபவை. எழுதும் நடுவில் நகல் எடுத்தால் பாதி வரி மட்டும் பதிவாகும். அதனால், நகல் எடுக்கும் நேரத்தில், "பேனாவைச் சற்று நிறுத்து" என்று அந்தப் புரோகிராமுக்குச் சொல்ல ஏற்பாடு செய்யவேண்டும்.

இன்னொன்று. நகலைத் திறப்பவர் கண்ணில் எல்லாருடைய பைலும் படும். சம்பளப் பட்டியலும் இருக்கும், ரகசியக் கடிதமும் இருக்கும். நம்பிக்கையான ஆளிடம்தான் அந்தச் சாவியைக் கொடுக்கவேண்டும்.

ஐந்து வழியும் அடைத்தது!

"எங்களிடம் நகல் இருக்கிறது" என்று சொன்னால் போதுமா? போதாது என்பதற்கு ஓர் உண்மைச் சம்பவம்.

கிட்லேப் என்பது, புரோகிராம் எழுதுவோர் உலகம் முழுவதும் பயன்படுத்தும் ஒரு நிறுவனம். 2017 ஜனவரி 31. நெடுநேரம் வேலை செய்து களைத்திருந்த ஓர் ஊழியர், ஒரு கம்ப்யூட்டரில் அழிக்கவேண்டியதை இன்னொரு கம்ப்யூட்டரில் அழித்துவிட்டார். இரண்டொரு நொடியில் தவறு புரிந்தது. நிறுத்தினார். அதற்குள் சுமார் 300 ஜிகாபைட்டில் நாலரை ஜிகாபைட்தான் மிஞ்சியது!

நகல் எடுக்கவும் மாற்று வைக்கவும் 5 வழிகள் வைத்திருந்தார்கள். ஒன்றும் உடனே கைகொடுக்கவில்லை. ஒரு வழியில், நகலே எடுபடாமல் இருந்திருக்கிறது. "நகல் எடுபடவில்லை" என்று எச்சரிக்கும் தபால்களும் உரியவருக்குப் போய்ச் சேரவில்லை.

நல்லகாலம், 6 மணி நேரத்துக்கு முன் ஒருவர் வேறு வேலைக்காக ஒரு நகல் எடுத்து வைத்திருந்தார். அதுதான் காப்பாற்றியது. அந்த 6 மணி நேரத்தில் சேர்ந்தவை போயின. சுமார் 700 புதிய உறுப்பினர் கணக்குகள், 5,000 வரையிலான திட்டங்களின் விவரங்கள் அதில் அடக்கம்.

நிறுவனம் நடந்ததை மறைக்கவில்லை. மீட்பு வேலையை யூடியூபில் எல்லாரும் பார்க்கவே செய்தது.

இன்னொரு சம்பவம். 2021 மார்ச் 10. பிரான்சு நாட்டில் ஸ்ட்ராஸ்பர்க் நகரம். ஓ.வி.எச். கம்பெனியின் கம்ப்யூட்டர் கட்டடம் தீப்பிடித்து எரிந்தது. உயிர்ச்சேதம் இல்லை. ஆனால், நகலையும் அங்கேயே வைத்திருந்த சிலருக்கு அசலும் போயிற்று, நகலும் போயிற்று. சாவியையும் பெட்டிக்குள்ளேயே வைத்துப் பூட்டிய கதைதான்!

நம் வீட்டில்?

"எங்கள் வீட்டில் சர்வர் இல்லையே" என்பீர்கள். போன் இருக்கிறதே! குழந்தையின் முதல் பிறந்தநாள் படம், தாத்தாவின் குரல், வீட்டுப் பத்திரத்தின் படம், எல்லாம் அதில்தானே?

பீட்டர் குரோக் என்ற அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் ஒரு விதியைப் பரப்பினார். எளிய விதி. மூன்று, இரண்டு, ஒன்று.

எதற்கும் மூன்று பிரதி வைத்திருங்கள். அவற்றை இரண்டு விதமான சாதனங்களில் வையுங்கள். ஒன்றையாவது வேறோர் இடத்தில் வையுங்கள். போனில் ஒன்று, தனி டிஸ்க்கில் ஒன்று, அக்காள் வீட்டிலோ இன்டர்நெட்டிலோ ஒன்று.

அத்துடன் நானும் ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். மாதம் ஒரு நாள், நகலில் இருந்து ஏதாவது ஒரு படத்தை எடுத்துத் திறந்து பாருங்கள். திறந்தால்தான் அது நகல். திறக்காவிட்டால் வெறும் டப்பா.

மணி 5-10

மாலை 5-10. பட்டியல் போய்விட்டது. "கிடைத்தது" என்று பதிலும் வந்துவிட்டது.

அம்மாள் தம் கைப்பையில் இருந்து மத்தியானச் சாப்பாட்டு டப்பாவை எடுத்தார். மூடியைத் திறந்து இளைஞர் பக்கம் நகர்த்தினார்.

"சாப்பிடு, தம்பி. எலுமிச்சம்பழச் சாதம். நீயும்தானே சாப்பிடவில்லை?"

இளைஞர் ஒரு பிடி எடுத்துக்கொண்டார். பிறகு கேட்டார்:

"அம்மா, அந்தச் சென்ற ஆண்டுப் போல்டர் இன்னும் அப்படியே இருக்கிறதே. அழித்துவிடலாமா?"

அம்மாள் இரண்டு கைகளையும் எடுத்துக் கும்பிட்டார்.

"இருக்கட்டும், அப்பா! அது பாட்டுக்கு ஒரு மூலையில் இருந்துவிட்டுப் போகட்டும்!"